ஓடினால் வலி, உட்கார்ந்தால் சரியாகிடுதா? எலும்பு சொல்வதைக் கேளுங்கள்!

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் மைதானம், ஏரிக்கரை, சர்வீஸ் ரோடு என்று விடியற்காலையில் எங்கே பார்த்தாலும் ஓடுகிற இளைஞர்கள்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சீருடைக் கனவு வருவதில் ஆச்சர்யமில்லை. சி.ஆர்.பி.எஃப். குரூப் சென்டர், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை பட்டாலியன்கள், விமானப்படை நிலையம், 1961-ல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை என ஆவடி முழுக்கவே சீருடைகளைப் பார்த்து வளர்கிற ஊர்.

எழுத்துத் தேர்வு ரிசல்ட் வரும். 'பாஸ்' என்று தெரிந்த மறுநாளே ஓட்டம் ஆரம்பமாகும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். மத்திய ஆயுதப் படைகளுக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வென்றால் ஆண்களுக்கு 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர், பெண்களுக்கு எட்டரை நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர். கையில் இருப்பதோ சில வாரங்கள். அதனால் முதல் நாளே முழு தூரம், தினமும் இரண்டு வேளை, ஞாயிறுகூட லீவு கிடையாது.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தில் லேசாக வலிக்க ஆரம்பிக்கும். "அதெல்லாம் ஓட ஓட சரியாகிடும்டா" என்பார் கூட ஓடுகிற அண்ணன். பல நேரங்களில் அவர் சொல்வது சரிதான். ஆனால், சில நேரங்களில் அந்த வலி, எலும்பில் விழுந்திருக்கும் மெல்லிய விரிசல். அதன் பெயர்தான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். சதை வலி எது, எலும்பு வலி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால், இரண்டு மாத ஓய்வோடு தப்பிக்கலாம். தெரியாமல் ஓடினால், கனவு கண்ட வேலையே கைநழுவிப் போகலாம்.

விழவும் இல்லை, அடிபடவும் இல்லை... எப்படி விரிசல்?

இங்கே ஸ்ட்ரெஸ் என்றால் மன அழுத்தம் அல்ல, எலும்பின் மேல் திரும்பத் திரும்ப விழும் சுமை. பைக்கிலிருந்து விழுந்து எலும்பு உடைவது ஒரே அடியில் நடப்பது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் ஆயிரக்கணக்கான சின்ன அடிகளின் கூட்டுத்தொகை. ஒரு கம்பியை ஒரே தடவையில் உடைக்க முடியாது. ஆனால், அதே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று விட்டுவிடும் இல்லையா? அதேதான்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உங்கள் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 120 முதல் 180 கிலோ. 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 5,000 அடிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

'அப்படியென்றால் ஓடுகிற எல்லோருக்கும் எலும்பு உடைய வேண்டுமே?' நல்ல கேள்வி. உடையாததற்குக் காரணம், எலும்பு உயிருள்ளது. அது செங்கல், சிமென்ட் மாதிரி ஒருமுறை கட்டிவிட்டால் அப்படியே நிற்பது கிடையாது. புதிதாகச் சுமை விழுந்தால், பழுதான பகுதியை முதலில் அரித்தெடுக்கும். பிறகு, அதே இடத்தில் முன்பைவிட வலுவான புது எலும்பை வைக்கும்.

சிக்கல் எங்கே என்றால், அரித்தெடுக்கும் வேலை சுமார் மூன்று வாரங்களில் முடிந்துவிடும். புதிதாக வைக்கும் வேலைக்கு மூன்று மாதம்வரை ஆகும். நம் ஊர் ரோடு மாதிரியேதான். தோண்டுவது சட்டென்று நடந்துவிடும், திரும்பத் தார் போடுவதுதான் லேட்டாகும். தோண்டிப் போட்ட ரோட்டில் லாரி ஓடினால் என்ன ஆகும்? அதுதான் மூன்றாவது, நான்காவது வாரத்தில் உங்கள் காலிலும் நடக்கிறது. நெஞ்சுக்கும் தசைக்கும் அதற்குள் பழகிவிட்டது, மூச்சு வாங்கவில்லை, இன்னும் வேகமாக ஓடலாம் என்று தோன்றும். எலும்போ அந்த நேரத்தில்தான் ரொம்ப பலவீனமாக இருக்கும்.

ஆக, இது பலவீனமானவர்களுக்கு வரும் நோய் இல்லை. அவசரப்படுகிறவர்களுக்கு வரும் காயம்.

ராணுவத்தில் கண்டுபிடித்த காயம்

இந்தக் காயத்தை முதலில் கவனித்ததே ராணுவத்தில்தான். 1855-ல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடி எதுவும் படவில்லையே, பிறகு ஏன் வீங்குகிறது என்பது அப்போது புரியவில்லை. 1895-ல் எக்ஸ்ரே வந்தது. இரண்டே ஆண்டுகளில், அந்த வீக்கத்துக்குப் பின்னால் இருப்பது எலும்பு முறிவு என்பது படமாகவே தெரிந்தது. 'மார்ச் ஃபிராக்சர்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இது மார்ச் மாதம் இல்லை, அணிவகுப்பு மார்ச்!

1985-ல் வெளியான ஓர் ஆய்வில், இஸ்ரேல் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 295 பேரைப் பயிற்சி முழுக்கக் கண்காணித்தார்கள். அதில் 31 சதவிகிதம் பேருக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் இருந்தது. திடகாத்திரமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்களிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்!

விளையாட்டிலும் இதே கதைதான். வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்ப்ரீத் பும்ராவுக்கு 2019-ல் கீழ் முதுகு எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று அறிவிக்கப்பட்டது. மீண்டும் முதுகுக் காயம் வந்து 2022 டி20 உலகக்கோப்பையில் ஆட முடியாமல்போனது. 2023-ல் அறுவைசிகிச்சை செய்துகொண்ட பிறகே களத்துக்குத் திரும்பினார். சீனக் கூடைப்பந்து நட்சத்திரம் யாவ் மிங், இடது பாதத்தில் திரும்பத் திரும்ப வந்த ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரால் 2011-ல், 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். உலகத்தரமான மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தவர்களுக்கே இப்படி என்றால், யூடியூப் பார்த்துப் பயிற்சி எடுக்கிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

யார் யாருக்கு வரலாம்?

* திடீரென்று ஓட்டத்தைத் தொடங்குகிறவர்கள், தூரத்தையோ வேகத்தையோ சட்டென்று கூட்டுகிறவர்கள்.

* மண் தரையில் ஓடிப் பழகி, திடீரென்று தார் ரோட்டுக்கோ சிமென்ட் ரோட்டுக்கோ மாறுகிறவர்கள்.

* அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நின்றுவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் ஓடப் போகிறவர்கள். ஓட்டத்தை மட்டும்தான் நாம் பயிற்சிக் கணக்கில் எழுதுகிறோம். எலும்போ சேஃப்டி ஷூவோடு நின்ற எட்டு மணி நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு வைக்கும். நைட் ஷிஃப்ட்டால் தூக்கமும் குறைந்தால், பழுது பார்க்கக் கிடைக்கும் நேரமும் குறையும்.

* அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒத்திகையை இரண்டு மடங்காக்கும் பரதநாட்டியக் கலைஞர்கள். வெறும் காலோடு கடினமான தரையில் தட்டடவு என்பது எலும்புக்கு ஓட்டத்துக்குச் சமமான வேலை.

* பதின்ம வயது வேகப்பந்து வீச்சாளர்கள். வளர்கிற வயதில், ஞாயிற்றுக்கிழமை மூன்று டீமுக்கு மாறி மாறி பந்து போடுகிற பையன்களுக்குக் கீழ் முதுகில் ஒரு பக்கமாக வலி, அதுவும் பின்னால் வளையும்போது அதிகமானால், 'சூடு பிடிச்சிருக்கு' என்று விட்டுவிடக் கூடாது.

* உடற்பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதவர்கள். வைட்டமின் டி குறைவாக உள்ளவர்கள். புகைபிடிப்பவர்கள்.

பெண்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். கடுமையான பயிற்சியும் குறைவான சாப்பாடும் சேரும்போது மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். 'பிராக்டீஸ் நேரத்துல தொந்தரவு இல்ல, நல்லதுதான்' என்று நினைக்க வேண்டாம். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதற்கான அறிகுறி அது. மூன்று மாதமாக வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது கால் வலியும் சேர்ந்திருந்தால், அதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சாதா வலியா, எலும்பு வலியா?

புதிதாக ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவது 'ஷின் ஸ்ப்ளின்ட்' எனும் வலி. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரமாக, ஒரு ஜாண் நீளத்துக்குப் பரவலாக வலிக்கும். ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், உடம்பு சூடானதும் பெரும்பாலும் குறையும். பயிற்சியைக் குறைத்தால் சில வாரங்களில் அடங்கிவிடும்.

ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் நடந்துகொள்ளும் விதம் வேறு.

1. ஒரே புள்ளி: 'எங்கே வலிக்குது?' என்று கேட்டால், கையால் தடவிக் காட்ட மாட்டீர்கள். ஒற்றை விரலை வைத்துக் காட்டுவீர்கள். அந்த இடத்தில் எலும்பின் மேல் அழுத்தினால் சுள்ளென்று இருக்கும்.

2. ஓட ஓட அதிகமாகும்: சூடானதும் குறையாமல், தூரம் கூடக் கூட வலியும் கூடும்.

3. நாளுக்கு நாள் சீக்கிரம் வரும்: முதல் வாரம் மூன்றாவது கிலோமீட்டரில் வந்த வலி, அடுத்த வாரம் முதல் கிலோமீட்டரிலேயே வரும். அதற்கடுத்து நடந்தாலே வலிக்கும்.

4. ஓய்விலும் வலி: இரவில் படுத்திருக்கும்போதும் விண் விண் என்று வலித்தால் விரிசல் முற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு அந்த இடத்தில் லேசான வீக்கமும் இருக்கும்.

இந்த நான்கில் முதல் இரண்டு இருந்தாலே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. 'விரிசலா இல்லையா' என்று ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வீட்டிலேயே டெஸ்ட் செய்து பார்க்காதீர்கள்.

எக்ஸ்ரே நார்மல்... ஆனாலும் உஷார்!

நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். வலி வந்த முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. விரிசல் அவ்வளவு மெல்லியது. எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்ள ஆரம்பித்து, அந்த இடம் தடித்த பிறகுதான் படத்தில் தெரியும். 'எக்ஸ்ரேவில் ஒண்ணும் இல்லை' என்பதை 'காலில் ஒண்ணும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு மறுநாளே ஓடப் போனால், விரிசல் முழு முறிவாகலாம்.

ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் பரிசோதனை எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எல்லோருக்கும் அது தேவைப்படாது. வலி இருக்கும் இடத்தையும் நீங்கள் சொல்லும் விவரங்களையும் வைத்தே மருத்துவர் முடிவெடுப்பார். அதனால் எப்போது ஓட ஆரம்பித்தீர்கள், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எப்போது கூட்டினீர்கள், வலி எப்போது வந்தது என்று போனில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். 'கால் வலிக்குது டாக்டர்' என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். மேல் பரிசோதனை தேவையென்றால், ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. கம்பெனியில் வேலை செய்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், இ.எஸ்.ஐ. மருந்தகம் மூலமாகவே போகலாம். அது உங்கள் காசு, உங்கள் உரிமை.

இந்த இடங்களில் வலித்தால் தாமதிக்காதீர்கள்

எல்லா விரிசலும் ஒன்றல்ல. பாதத்தில் நடு விரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளிலோ, காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பிலோ வந்தால் பெரும்பாலும் ஓய்விலேயே கூடிவிடும். ஆனால், சில இடங்கள் ஆபத்தானவை.

* தொடை இடுக்கு: ஓடும்போது தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால், இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருக்கலாம். அது முழுவதும் உடைந்து நகர்ந்தால் அவசர அறுவைசிகிச்சை தேவைப்படும். மூட்டின் ரத்த ஓட்டமே பாதிக்கப்படலாம். இந்த வலிக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

* முன்னங்கால் எலும்பின் முன்பக்க நடுப்பகுதி: இங்கே ரத்த ஓட்டம் குறைவு. கூடுவது மிக மெதுவாகத்தான் நடக்கும்.

* பாதத்தின் மேற்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால்: யாவ் மிங்கின் விளையாட்டு வாழ்க்கையை முடித்துவைத்த எலும்பு இங்கேதான் இருக்கிறது.

* சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் வெளி ஓரம்: ஓய்வு போதாமல் ஸ்க்ரூ பொருத்த வேண்டிய நிலையும் வரலாம்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

சிகிச்சையின் பெரும்பகுதி ஒரே வார்த்தைதான்: ஓய்வு. சின்ன எலும்புகளுக்கு 4 முதல் 8 வாரம், முன்னங்கால் எலும்புக்கு 8 முதல் 12 வாரம் என்று ஆகலாம். நடந்தாலே வலித்தால் மருத்துவர் ஊன்றுகோலோ, பாதத்துக்கான பூட்ஸோ, மாவுக்கட்டோ பரிந்துரைப்பார்.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது என்று அர்த்தமில்லை. வலி வராதவரை, மருத்துவர் அனுமதித்தால் நீச்சல், சைக்கிள், மேல் உடம்புக்கான பயிற்சிகள் செய்யலாம். மூச்சுத் திறனைப் பெருமளவு காப்பாற்றிக்கொள்ள முடியும்.

கூடாதவை மூன்று.

வலி மாத்திரை போட்டுவிட்டு ஓடுவது: தேர்வு நாளன்று ஊசி போட்டுக்கொண்டு ஓடிய கதைகளைப் பெருமையாகச் சொல்வார்கள். வலி என்பது அலாரம். அலாரத்தை அணைத்தால் தீ அணைந்துவிடுமா?

தைலம் போட்டு அழுத்தி நீவுவது: சுளுக்கு என்று நினைத்து விரிசல் உள்ள எலும்பின் மேல் அழுத்தி உருவினால், வலியும் வீக்கமும் கூடும்.

ஸ்கேன் பார்க்காமல் நாட்டுக் கட்டு போடுவது: நம் பக்கத்தில் காலில் அடிபட்டால் 'புத்தூர் கட்டு' என்பது பலர் வீட்டிலும் முதலில் வரும் யோசனை. விரிசல் எந்த எலும்பில், எந்த இடத்தில் என்று தெரியாமல் கட்டுவதுதான் ஆபத்து. தொடை இடுக்கு வலி மாதிரியானவற்றில் இழந்த நாள்கள் திரும்பக் கிடைக்காது.

"தேர்வுக்கு இன்னும் மூணு வாரம்தான்... என்ன செய்ய?"

வயது வரம்பு நெருங்குகிறவர்களுக்கு இது எளிதான கேள்வி இல்லை. வீட்டின் எதிர்பார்ப்பு, கோச்சிங்குக்குக் கட்டிய பணம் எல்லாம் கண் முன்னால் வரும். ஆனாலும் கணக்கை நேராகப் பாருங்கள்.

வலி பரவலானது, ஷின் ஸ்ப்ளின்ட்தான் என்று மருத்துவர் சொன்னால், தூரத்தைப் பாதியாகக் குறைத்து, மண் தரையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடித் தேர்வுக்குப் போக வழியிருக்கிறது. விரிசல் உறுதியானால், அதிலும் மேலே சொன்ன ஆபத்தான இடங்களில் என்றால், ஓடக் கூடாது. பாதி ஓட்டத்தில் எலும்பு உடைந்தால் இந்தத் தேர்வும் போகும். கம்பி வைத்த காலோடு அடுத்த மருத்துவத் தகுதித் தேர்வில் நிற்பதும் கஷ்டம். ஒரு தேர்வை விட்டால் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். அதற்குக் கால் வேண்டும். ஆபத்து குறைந்த இடத்து விரிசல் என்றாலும், ஓடலாமா என்பதை நண்பர்களோ மாஸ்டரோ முடிவு செய்யக் கூடாது, சிகிச்சை தரும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வராமல் தடுக்க...

அறிவிப்பு வரும் நாளே ஆரம்பியுங்கள்: எழுத்துத் தேர்வு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். புது எலும்பு உருவாக மூன்று மாதம் ஆகும் என்று பார்த்தோம். விண்ணப்பம் போடும் நாளிலிருந்தே வாரம் மூன்று நாள் வேக நடையும் மெது ஓட்டமும் ஆரம்பித்தால், தேர்வுக்குள் எலும்பு தயாராகிவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாக: வாரத்துக்குச் சுமார் 10 சதவிகிதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. தூரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு.

தரையும் ஷூவும்: முடிந்தவரை மண் மைதானம். தேய்ந்துபோன ஷூவைத் தூக்கிப் போடுங்கள். விலை உயர்ந்த பிராண்ட் அவசியமில்லை, காலுக்குப் பொருத்தமாக, அடிப்பாகம் மெத்தென்று இருந்தால் போதும். புது ஷூவோடு முதல் நாளே முழு தூரம் ஓடாதீர்கள்.

தட்டில் என்ன இருக்கு?: பெரியவர்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது களி, ஒரு டம்ளர் பால், மதியம் கீரை, தயிர், எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே எட்டிவிடலாம். வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, டீயும் பன்னும் சாப்பிட்டு வேலைக்கு ஓடுவதுதான் பிரச்னை. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்களிடம் நடத்தி, 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் 20 சதவிகிதம் குறைந்தது. அதற்காக நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னால் போடலாம்.

திரும்ப ஓடும்போது: வலி போய்விட்டது என்று முதல் நாளே பழைய தூரத்துக்குப் போகக் கூடாது. அரை மணி நேரம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகு, மருத்துவர் ஓகே சொன்னதும், ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பியுங்கள். அதே புள்ளியில் வலி எட்டிப் பார்த்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, ஒரு படி பின்னால் போங்கள்.

பயிற்சியில் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். மூச்சு வாங்குவதைப் பொறுங்கள், சதை வலியைப் பொறுங்கள். ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற எலும்பு வலியை மட்டும் பொறுக்காதீர்கள். இப்போது இரண்டு மாதம் நின்றால், சீருடை போட்ட பிறகு முப்பது வருஷம் அந்தக் கால் உங்களோடு ஓடும்.